கருவுற்ற தாயும் கடைசிப் பக்கம் இல்லாத செய்தியும்



பெருந்தொற்றுதான் முடிந்துவிட்டதே, அதைப் பற்றி இன்னும் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் கோவிட்-19க்கான உலகளாவிய அவசரநிலையை முடித்து வைத்தது உண்மைதான். ஆனால், அந்த மூன்றாண்டுகளில் நம் வீடுகளுக்குள் நுழைந்த ஒரு பழக்கத்தை எவரும் முடித்து வைக்கவில்லை.

2025 சனவரியில் எச்.எம்.பி.வி. எனும் நச்சுயிரி பற்றிய செய்தி பரவியதை நினைத்துப் பாருங்கள். அது 2001ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட ஒன்று; நம் நாட்டுக்கும் புதியதன்று. ஆயினும் சீன மருத்துவமனைக் கூட்டம் என்று ஒரு காணொளி வந்ததும், ஒரே நாளில் எங்கள் பெற்றோர் புலனக் குழுக்கள் அனைத்திலும் அது வலம் வந்தது. அக்குழுக்களில் இருக்கும் தாய்மார்களுள் சிலர் அப்போது கருவுற்றிருந்தனர். அவர்களுள் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி, "மறுபடியும் முதலிலிருந்தா, டீச்சர்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்காகவே இந்த இடுகை. பெருந்தொற்றுக் காலத்தில் கருவுற்ற பெண்களின் மனநலத்தைக் குலைத்ததில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, ஏறத்தாழ அவ்வளவு பங்கு நாம் அவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்த செய்திகளுக்கும் உண்டு என்பது என் கருத்து. அச்செய்திகளிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வது அவள் ஒருத்தியின் கடமை அன்று; நம் அனைவரின் கடமை. அதே வேளையில், அவளிடமிருந்து செய்தியை மறைப்பதும் தீர்வாகாது. இவ்விரண்டையும் விளக்க முயல்கிறேன்.

அடங்கிப்போன கடைத்தெரு

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பினாங்கின் லிட்டில் இந்தியாவை அறிந்தவர்களுக்கு அந்த நாள்களின் அமைதியை விளக்கத் தேவையில்லை. லெபோ பாசாரில் ஒலிநாடாக் கடைக் காலத்திலிருந்தே ஓயாது ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு நின்றது. புடவைக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. 1833ஆம் ஆண்டு முதல் லெபோ குவீனில் நிற்கும் அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயத்தின் கதவும் அடைபட்டது. வீட்டுக்கு ஒருவர் மட்டுமே பொருள் வாங்க வெளியே போகலாம் என்றானது.

இந்தச் சூழலில் வெளியுலகம் வீட்டுக்குள் வர ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அது கைப்பேசி. மாலைதோறும் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் தோன்றி அன்றைய எண்களைச் சொல்வார். புதிய தொற்றுகள் எத்தனை, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை பேர், மரணம் எத்தனை என்பதைக் குடும்பமே கூடி அமர்ந்து கேட்டது. அவர் நிதானமாகத்தான் பேசினார். அது பலருக்கு ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் அவர் பேசி முடித்த மறுகணமே அந்த எண்கள் நூறு கைகளில் நூறு வடிவம் எடுத்துப் புலனத்தில் புறப்பட்டுவிடும்.

மற்றவர்களுக்கு "வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருப்பீர்கள்" என்ற அறிவுரை பொருந்தியது. கருவுற்றவளுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. அவள் மாதம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசியில் வாரம் ஒரு முறை எனத் தாய் சேய் நலக் கிளினிக்குக்குப் போயே ஆக வேண்டும். பேறு நெருங்கினால் மருத்துவமனைக்குள் நுழைந்தே ஆக வேண்டும். நோயாளிகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அவளுடைய குழந்தையும் பிறக்கவிருக்கிறது. ஆகவே, மாலைச் செய்தியின் எண் நமக்கு வெறும் எண். அவளுக்கோ அது நாள் குறிக்கப்பட்ட ஒரு பயணத்தின் வழிச்செய்தி.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இது என் கற்பனை அன்று. 2020இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், மகப்பேற்று மருத்துவர்கள் 118 பேரிடம் ஒரு கருத்தாய்வு நடத்தினர். கருவுற்ற பெண்களும் பிள்ளை பெற்ற தாய்மாரும் உங்களிடம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது கேள்வி. மருத்துவமனைக்கு வந்து போவது பற்றிய அச்சத்தை ஏறத்தாழ 73 விழுக்காட்டு மருத்துவர்கள் குறிப்பிட்டனர். எப்படித் தற்காத்துக்கொள்வது என்ற கவலையை 60 விழுக்காட்டினரும், குழந்தையின் பாதுகாப்புப் பற்றிய கவலையை 52 விழுக்காட்டினரும் சொன்னார்கள்.

அடுத்து வரும் இரண்டு எண்களை ஊன்றிப் பாருங்கள். சமூக ஊடகத்தில் வரும் தகவல்களால் ஏற்படும் பதற்றத்தைக் குறிப்பிட்டவர்கள் ஏறத்தாழ 41 விழுக்காடு. நோய் தொற்றிவிடுமோ என்ற பதற்றத்தைக் குறிப்பிட்டவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதாவது, நோயைப் பற்றிய அச்சமும் நோயைப் பற்றிய செய்தி தந்த அச்சமும் மருத்துவரின் அறைக்குள் சரிசமமாக வந்து அமர்ந்திருக்கின்றன!

கனடாவில் 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 2,000 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 37 விழுக்காட்டினரிடம் மருத்துவர் கவனிக்க வேண்டிய அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 57 விழுக்காட்டினரிடம் அத்தகைய பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. உற்றார் துணை மிகுதியாக இருந்தவர்களிடமும், உடலுழைப்பு இருந்தவர்களிடமும் இவை குறைவாக இருந்தன என்பதையும் அவ்வாய்வு கண்டது.

இன்னோர் ஆய்வு, கருவுற்றோரைப் பற்றியதன்று. ஆயினும் இங்கே சொல்லத் தக்கது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் போஸ்டன் நெடுந்தொலைவு ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஒரு வாரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மிகுதியான மனவழுத்த அறிகுறிகளைத் தெரிவித்தார்கள். ஏற்கெனவே அஞ்சுபவர்கள்தாம் மிகுதியாகச் செய்தி பார்த்தார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். அப்படியே இருந்தாலும், அச்சமும் செய்தியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பது மாறாது.

கடைசிப் பக்கம் எங்கே?

செய்தி கேட்பது நமக்குப் புதிதா? இல்லையே! 1924இல் தொடங்கி 2019 சனவரி 31 வரை வெளிவந்த தமிழ் நேசன், இன்று வரும் மக்கள் ஓசை, மலேசிய நண்பன் என்று நாளிதழ் படித்தே வளர்ந்த சமுதாயம் நம்முடையது. வானொலியில் மணிக்கொரு முறை செய்தி கேட்டவர்கள் நாம். அப்போதும் போர் நடந்தது, நோய் பரவியது. 1998-99இல் நம் நாட்டில் நிப்பா நச்சுயிரி பரவி, 265 பேரில் 105 பேர் இறந்தார்கள். அதைத் தொடக்கத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் கருதினார்கள். ஆகவே பழைய காலத்துச் செய்தி எல்லாம் சரியானது, இப்போதையது எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்ச் சோறு ஆக்கலாம். வானொலிச் செய்தி பத்து நிமிடத்தில் முடிந்து பாட்டு வந்துவிடும். கைப்பேசியில் கடைசிப் பக்கம் இல்லை. விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. எதன்மேல் விரல் சற்று நிற்கிறதோ அதையே மேலும் மேலும் கொண்டுவந்து தருவது அந்த நிறுவனங்களின் கணக்கு. கருவுற்ற ஒரு பெண், 'கோவிட் கருச்சிதைவு' என்று ஒரே ஒரு முறை தேடினால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு அவள் கண்முன் வேறு உலகமே இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் இந்நிலையைத் 'தகவல் பெருந்தொற்று' எனும் பொருள்படும் சொல்லால் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அடுத்த மாதம் வெளியிட்ட மனநல அறிவுரையில், மனத்தைப் பதறச் செய்யும் செய்திகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஓரிரு முறை, குறித்த வேளையில், நம்பத்தக்க இடத்திலிருந்து மட்டும் அறிந்துகொள்ளுங்கள் என்றது. நல்ல அறிவுரை. ஆனால் அது அவளுக்குச் சொல்லப்பட்டதே தவிர, அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நமக்கு எவரும் சொல்லவில்லை.

உண்மையும் அச்சுறுத்தும்

பொய்ச் செய்தி மட்டுமே தீங்கு என்று எண்ணிவிடாதீர்கள். பாதி அறுந்து வரும் உண்மை அதைவிடக் கொடியது.

2020 சூலை இறுதியில் கெடாவில் ஒரு தொற்றுத் திரள் கண்டறியப்பட்டு, அதற்குச் 'சிவகங்கா' என்று பெயர் சூட்டப்பட்டது. பினாங்குத் தமிழருக்கு அது வெறும் ஊர்ப் பெயர் அன்று. காரைக்குடியும் செட்டிநாட்டுச் சிற்றூர்கள் பலவும் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. தைப்பூசத்தில் வெள்ளி இரதம் புறப்படும் லெபோ பினாங்குக் கோயில் வீட்டை எழுப்பிய நகரத்தார் அங்கிருந்து வந்தவர்கள். ஊர்ப் பெயரே நோய்ப் பெயராகி, இந்தியர் கடைக்குப் போகாதீர் என்ற தகவல்கள் உலவத் தொடங்கின. ஆகஸ்டு மாதம், அத்திரளில் சிலரிடம் காணப்பட்ட நச்சுயிரியின் திரிபு பத்து மடங்கு வேகமாகப் பரவக்கூடியது என்று சுகாதாரத் தலைமை இயக்குநர் தெரிவித்தார். 'பத்து மடங்கு' என்ற சொல் மட்டும் தீப்போல் பரவியது. அதே திரிபு பல மாதங்களாகவே உலகின் பல நாடுகளில் பெருவழக்காகப் பரவியிருந்த ஒன்று என்ற விளக்கம் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

மற்றொரு சான்று. 2021 செப்டம்பர் 11ஆம் நாள் நம் நாட்டில் 592 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. ஒரே நாளில் 592 என்று படித்தால் யாருக்குத்தான் நெஞ்சு நடுங்காது? ஆனால் அவற்றுள் பல முந்தைய நாள்களில் நிகழ்ந்து, தாமதமாகப் பதிவானவை. அறிவிப்பில் அது இருந்தது. நமக்கு வந்த படத்தில் எண் மட்டுமே இருந்தது. பேற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

மறைத்தால் போதுமா?

இதற்கு நம் பெரியோர்கள் ஒரு மருந்து வைத்திருந்தார்கள். கருவுற்றவளிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. துக்க வீட்டுக்கு அவளை அழைத்துப் போகக் கூடாது. நல்லதையே கேட்கச் செய்ய வேண்டும். கருவிலேயே போர் வியூகம் கேட்ட அபிமன்யு கதையும், நாரதர் மொழி கேட்ட பிரகலாதன் கதையும் நமக்குப் பாட்டிமார் சொன்னவை. வளையல் ஓசையை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கச் செய்யும் வளைகாப்பும் அவ்வழி வந்ததே. தாய் கேட்பது பிள்ளையைச் சேரும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. அதை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

எனினும், அந்த மருந்தை அப்படியே இன்று கொடுக்க முடியாது. இரண்டு காரணங்கள் சொல்வேன்.

முதலாவது, மறைத்தலால் அவளுக்கு வேண்டிய செய்தியும் மறைந்துபோகும். 2021 தொடக்கத்தில் தடுப்பூசித் திட்டம் ஆரம்பித்தபோது கருவுற்றோர் அதில் சேர்க்கப்படவில்லை. தொடக்கக்கட்டச் சோதனைகளில் கருவுற்ற பெண்களைச் சேர்க்காததால் அவர்களைப் பற்றிய தரவு அப்போது குறைவு. பிற நாடுகளில் தடுப்பூசி பெற்ற கருவுற்றோரின் தரவு சேரச் சேர, நிலை மாறியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில், கருவுற்று 14 முதல் 33 வாரங்கள் ஆனவர்கள் செலுத்திக்கொள்ளுமாறு நம் சுகாதார அமைச்சு பரிந்துரைத்தது. அறிவு வளர்ந்ததால் அறிவுரை மாறியது. புலனத்திலோ, 'நேற்று வேண்டாம் என்றார்கள், இன்று வேண்டும் என்கிறார்கள், எல்லாம் ஏமாற்று' என்று அது திரிந்தது. கரு கலைந்துவிடும் என்ற வதந்தியும் உடன் சேர்ந்துகொண்டது.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரு தாய், என் முன்னாள் மாணவியின் அக்காள், வீட்டாரால் 'பாதுகாக்கப்பட்டாள்'. அவள் மனம் கலங்கக் கூடாதென்று கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிச் செய்தியை அணைத்தார்கள். அன்பினால் செய்ததுதான். தடுப்பூசி தனக்கும் உண்டு என்று அவள் அறிந்தபோது 34ஆம் வாரம் நடந்துகொண்டிருந்தது. நல்லவேளை, தாயும் சேயும் நலம். ஆனால், அவள் என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் மெதுவாகப் பேசுவது எனக்குக் கேட்டது, டீச்சர். என்னவென்று தெரியாததுதான் பெரிய பயம்." மறைக்கப்பட்ட செய்தி ஒலியின்றி வருவதில்லை, முணுமுணுப்பாக வருகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. "நீ கவலைப்பட்டால் பிள்ளைக்கு ஆகாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏற்கெனவே நோய்க்கு அஞ்சும் ஒருத்திக்கு, அஞ்சுவதற்கும் அஞ்ச வேண்டிய நிலையை உண்டாக்குகிறோம். நீண்ட நாள் தொடரும் கடும் மனவழுத்தம் தாய்க்கும் சேய்க்கும் நல்லதன்று என்பது மருத்துவம் ஏற்ற உண்மை. அதற்காக, ஓர் இரவு உறக்கம் கெட்டவளிடமும் ஒரு செய்தி படித்து அழுதவளிடமும் பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்று குற்றம் சுமத்துவது கொடுமை. பெருந்தொற்றுக் காலத்தில் கருவுற்றவள் அஞ்சியது இயல்பு. அஞ்சாதிருந்திருந்தால்தான் வியப்பு.

என்ன செய்யலாம்?

திருவள்ளுவர் 'கேள்வி' எனும் அதிகாரத்தை வைத்து, அதற்கு அடுத்து 'அறிவுடைமை'யை வைத்தார். கேட்பது முதற்படி, கேட்டதை நிறுத்துப் பார்ப்பது அடுத்த படி. இந்த வரிசையைக் குடும்பமாகப் பின்பற்றலாம். என் எண்ணத்தில் தோன்றியவை இவை:

1. செய்தியை வடிகட்ட ஒருவரை அமர்த்துங்கள். கணவரோ, தமக்கையோ, தோழியோ யாராகவும் இருக்கலாம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் கருவுற்றவளே. மாமியார் அல்லர், கணவரும் அல்லர். அவர் நாளுக்கு ஒரு முறை சுகாதார அமைச்சின் அறிவிப்பைப் பார்த்து, அவளுக்குப் பொருந்துவதை முழுமையாகச் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது, துணுக்காகவும் சொல்லக் கூடாது.

2. செய்திக்கு வேளை குறியுங்கள். படுக்கைக்குப் போகுமுன் வேண்டாம். இரவு இரண்டு மணிக்குப் படித்த செய்திக்குக் காலை எட்டு மணி வரை யாரிடமும் விளக்கம் கேட்க முடியாது.

3. ஐயங்களை எழுதிவைத்துத் தாதியிடம் கேளுங்கள். கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகத்தோடு ஒரு தாளையும் செருகி வைத்துக்கொள்ளலாம். காணொளிக்கு அவளுடைய வாரக் கணக்கும் தெரியாது, இரத்த அழுத்தமும் தெரியாது. தாதிக்குத் தெரியும்.

4. ஒரு தகவல் உண்மையா என்ற ஐயம் எழுந்தால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டு தொடங்கிய 'செபெனார்ஞா' தளத்தில் சரிபாருங்கள். அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். அனுப்பிய பின் அன்று.

5. குழு நடத்துநர்களே, குறிப்பாக ஆசிரிய நண்பர்களே! இல்லத்திலிருந்து கற்றல் நடந்த காலத்தில் பாடம் அனுப்பத் திறந்த குழுக்களில்தான் பல வதந்திகளும் பயணம் செய்தன. வீட்டுப்பாடத்துக்காக அக்குழுவைத் திறக்கும் தாய் அவற்றையும் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. பாடக் குழுவில் பாடம் மட்டுமே என்று விதி செய்யுங்கள். நான் இப்போது அவ்வாறே நடத்துகிறேன், எவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

6. கவலைக்கும் நோய்க்கும் உள்ள எல்லையை அறிந்துகொள்ளுங்கள். உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் விருப்பமின்மை, தன்னைத் தானே பழித்துக்கொள்ளல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மன உறுதிக் குறைவு அன்று. மருத்துவம் வேண்டும் நிலை. 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல், கடந்த ஏழு நாள்களின் மனநிலையைப் பத்தே கேள்விகளில் கண்டறிய உதவுகிறது. அதன் தமிழ் வடிவத்தை வேலூர் மருத்துவர்கள் 2005இலேயே ஆராய்ந்து தந்திருக்கிறார்கள். ஆக, நம் மொழியில் கேட்கவும் சொல்லவும் வழியில்லை என்று சொல்வதற்கில்லை. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555, தாலியான் காசேயின் 15999 ஆகிய எண்களை அழைக்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை கருவுற்றவளுக்கு அல்லாமல் அவளைச் சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். பேருந்தில் அவளுக்கு எழுந்து இடம் கொடுக்கிறோம். கனமான பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். ஏகாதசியோ விரதமோ எதுவானாலும் அவளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறோம். இத்தனை மரியாதை தெரிந்த சமுதாயம், ஒரு நாளைக்கு முப்பது மரணச் செய்திகளை அவள் மடியில் கொட்டிவிட்டு, 'நல்லதையே நினை' என்று வாழ்த்துவது முறையாகுமா?

2020இலும் 2021இலும் கருவில் இருந்த பிள்ளைகள் இப்போது பாலர் பள்ளியில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். விரைவில் முதலாம் ஆண்டு வகுப்புகளில் நம்முன் வந்து அமர்வார்கள். அவர்களுடைய தாய்மார்கள் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் பிள்ளையின் எழுத்தையும் எண்ணையும் பற்றிப் பேசி முடித்தபின், "அந்த நேரத்தில் எப்படிச் சமாளித்தீர்கள், அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் அமர்ந்துவிடுவார்கள். அமர்ந்தவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

அடுத்த தொற்று என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வரும் நாளில் தடுப்பூசி உடனே இராது, மருந்தும் இராது. ஆனால், ஒரு தகவலை அனுப்புமுன் அது யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே நம் கையில் இருக்க முடியும். அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை